அரக்கோணத்துக்குப் போன ஜாடி

என் கணவர் மத்தியானத்தில் வீட்டுக்கு வருகிறவர் இல்லை. மேல்விஷாரத்தில் ஒரு தோல் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை. காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பினால், தெருவிளக்கு எரிந்த பிறகுதான் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு கேட் திறக்கும். அந்த வெள்ளிக்கிழமை வெயில் உச்சியில் இருக்கும்போதே பைக் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றாமல் உள்ளே வந்தார். நேராகச் சமையலறைக்குப் போய், மேடைக்குக் கீழே இருந்த உப்புச் சாக்கை இழுத்துப் போட்டார்.

"இன்னாங்க, இன்னா ஆச்சு?"

"அம்மா எங்க?"

"படுத்திருக்காங்க."

"மெதுவாப் பேசு. ஆவக்காய்க்கு இந்த உப்பைத்தானே போட்டீங்க?"

"வேற எந்த உப்பு? நீங்க கொண்டாந்ததுதான்."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஹெல்மெட்டுக்குள் அவர் முகம் சின்னதாகத் தெரிந்தது.

இவர்கள் வீட்டில் பேச்சு தெலுங்கு. இரண்டு தலைமுறைக்கு முன் சித்தூர்ப் பக்கத்திலிருந்து வேலூருக்கு வந்த கிறிஸ்தவக் குடும்பம். பைபிள் வாசிப்பது தெலுங்கில், சண்டை போடுவது தமிழில். நான் ராணிப்பேட்டைக்காரி, பள்ளிக்கூட டீச்சர்; அப்போது கோடை விடுமுறை. என் அம்மா வீட்டில் ஊறுகாய் என்றால் தட்டின் ஓரத்தில் நகக்கண் அளவு வைத்துத் தொட்டுக்கொள்வது. இங்கே அது சாப்பாடு. சூடான சோற்றில் ஆவக்காய் என்கிற மாங்காய் ஊறுகாயைப் போட்டு, நல்லெண்ணெய் ஊற்றி, சோறு முழுக்கச் சிவக்கப் பிசைந்து சாப்பிடுவார்கள். குழம்பு அதற்குப் பிறகுதான்.

ஒவ்வொரு மே மாதமும் ஆவக்காய் போடும் நாள் எனக்குக் கொஞ்சம் பயமான நாள். குடியாத்தத்திலிருந்து நார் மாங்காய் வரும். கொட்டையின் ஓட்டோடு துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டையும் துணியால் துடைக்க வேண்டும். கடுகுத் தூள், மிளகாய்த் தூள், வெயிலில் காயவைத்து இடித்த கல்லுப்பு, பூண்டு, வெந்தயம். எதிலும் ஒரு சொட்டு ஈரம் படக்கூடாது. "கையில் ஈரம் இல்லியே?" என்று அத்தை, அதாவது என் மாமியார், வீட்டில் நடமாடுகிற எல்லோரையும் கேட்டுக்கொண்டே இருப்பார். என் மாமனார் இறந்த வருஷம் ஜாடியில் பூசணம் பிடித்திருந்ததாம். தினமும் முழங்காலில் நின்று ஜெபிக்கிற அத்தைக்கு, இந்தச் சகுனத்தையெல்லாம் நம்பக்கூடாது என்று தெரியும். வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார். ஆனால் ஜாடியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அவர் முகத்தில் அது வந்து போகும்.

இது நடந்த வருஷம் அத்தைக்குப் பயம் இன்னும் ஜாஸ்தி. அரக்கோணத்தில் இருக்கும் என் நாத்தனார் ஏழு மாதக் கர்ப்பம். முன்னால் இரண்டு முறை கலைந்துபோயிருந்தது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் அவள் வயிற்றில் இருந்ததுதான் இந்த வீட்டுக்கு வரப்போகிற முதல் குழந்தை. அத்தை ஆவக்காயைக் கலந்து வைத்துவிட்டு, அந்தப் பாத்திரத்தின் முன்னால் கண்ணை மூடி, "ப்ரபுவா, என் பொண்ணு நல்லபடியா இதைத் தின்னணும்" என்று ஜெபம் செய்தார். ஊறிய பிறகு முதல் ஜாடி அரக்கோணத்துக்குத்தான் போனது. மாப்பிள்ளை வந்து மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் எடுத்துப் போனார். ஒரு வாரம் ஆகியிருந்தது.

உப்பு எப்போதும் தொழிற்சாலையிலிருந்துதான் வரும். தோலைக் கெடாமல் வைக்க லாரி லாரியாகக் கல்லுப்பு இறங்கும் இடம் அது. லோடு இறங்குகிற அன்று வேலை செய்கிறவர்கள் ஆளுக்கொரு சின்னச் சாக்கு வீட்டுக்கு எடுத்துப் போவது வழக்கம், யாரும் கேட்கமாட்டார்கள். உப்பளத்திலிருந்து நேராக வந்த சுத்தமான உப்பு. கடை உப்பைவிட இதுதான் ஆவக்காய்க்கு நல்லது என்று அத்தையே சொல்வார்.

"மழைக்கு முன்னாடி தோல்ல புழு வைக்காம இருக்க கொஞ்சம் உப்புல மருந்து கலந்து வெப்பாங்க" என்றார் என் கணவர். "மூணு சாக்கு கலந்து ஓரமா வெச்சிருந்தாங்களாம். இப்ப ரெண்டுதான் இருக்கு. நான் எடுத்தது அந்த ஓரத்துலேர்ந்துதான். எனக்கு யாரும் சொல்லல."

"இன்னா மருந்து?"

"தெரியல. மேஸ்திரிக்கும் தெரியல. வெள்ளைத் தூள், கையால தொடக்கூடாதும்பாங்க. லேப்ல கெமிஸ்டுக்குத்தான் தெரியும். அவரு தொழுகைக்குப் போய்ட்டாரு, போனையும் அணைச்சு வெச்சிருக்காரு."

சாக்கில் கால்வாசி உப்பு மிச்சம் இருந்தது. இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். வெறும் உப்பாகத்தான் தெரிந்தது. அங்கங்கே கொஞ்சம் தூளாக இருந்தது. உப்பு தூளாகாதா? ஆகும். ஆனால் இப்போது அந்தத் தூள் வேறு மாதிரி தெரிந்தது. நாங்கள் மூவரும் ஒரு வாரமாக அதைச் சாப்பிட்டிருந்தோம். நேற்று எனக்குத் தலைவலித்தது ஞாபகம் வந்தது. நாக்கை மேலண்ணத்தில் வைத்துப் பார்த்தேன். மரத்துப்போன மாதிரி இருந்தது. பயத்தினால்தான் என்று தெரிந்தும் அந்த மரப்பு போகவில்லை.

பிறகுதான் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அந்த ஜாடி ஞாபகம் வந்தது. அவர் போனை எடுத்துத் தங்கைக்கு அடித்தார். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும் அடித்தார். எடுக்கவில்லை. மாப்பிள்ளை ரயில் இன்ஜின் ஓட்டுகிறவர். டியூட்டியில் இருந்தால் போனை அணைத்துவிடுவார். அதுவும் அணைந்திருந்தது.

"தூங்கறாளோ என்னவோ" என்றேன்.

"ஏமைந்திரா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அத்தை வாசற்படியில் நின்றிருந்தார். என்ன ஆச்சுடா என்று கேட்கிறார்.

"ஏமி லேதும்மா" என்றார் மகன். ஒன்றும் இல்லையம்மா.

அத்தை தரையில் கிடந்த சாக்கைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு மகனின் தலையில் இன்னும் இருந்த ஹெல்மெட்டைப் பார்த்தார். "உப்புல இன்னா?" என்று தமிழில் கேட்டார். அவர் தமிழுக்கு மாறினால் அவரிடம் பொய் சொல்ல முடியாது. மகன் சொன்னார்.

அத்தை அழவில்லை. கத்தவும் இல்லை. அலமாரிக்குப் போய் வீட்டு ஜாடியை இறக்கி, கட்டியிருந்த துணியை அவிழ்த்து முகர்ந்தார். நாங்கள் எழுந்து தடுப்பதற்குள் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"அம்மா!"

"இத்தனை நாளாத் தின்னேனேடா. எனக்கு ஒண்ணும் ஆவலியே?" மென்றுகொண்டே சொன்னார். "மருந்து இருந்தா நாக்குக்குத் தெரியாதா? கசக்காதா?" விழுங்கினார். விரலிலிருந்து எண்ணெய் புடவையில் சொட்டியது. "கெழவிக்கு ஒண்ணும் ஆவாது. வயித்துல இருக்கிற புள்ளைக்கு?" நான் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தேன்.

என் கணவர் மிச்ச உப்பையும் ஒரு பாட்டிலில் கொஞ்சம் ஆவக்காயையும் எடுத்துக்கொண்டு மேல்விஷாரத்துக்குப் போய் கெமிஸ்டைப் பிடிப்பது, நான் அரக்கோணம் போவது என்று முடிவானது. அத்தை வீட்டில் இருக்கட்டும் என்றோம். அவர் அதற்குள் செருப்பைப் போட்டுக்கொண்டு கேட்டில் நின்றார்.

காட்பாடியில் ரயில் கிடைத்தது. உட்கார இடமும் கிடைத்தது. அத்தை ஜன்னல் பக்கம் திரும்பி உதடு மட்டும் அசையத் தெலுங்கில் ஜெபித்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு முறை நாத்தனாருக்குப் போன் அடித்தேன். ஒவ்வொரு தடவையும் கடைசி மணிவரை காத்திருப்பேன். அந்தக் கடைசி மணிக்குப் பிறகு வரும் அமைதியில் என் மனதில் ஒரு படம் தோன்றும். அவள் சமையலறைத் தரையில் கிடக்கிறாள், பக்கத்தில் போன் அடிக்கிறது. அதை விரட்டிவிட்டு மறுபடியும் அடிப்பேன். மறுபடியும் அதே படம் வரும்.

எதிர் சீட்டில் ஒரு குடும்பம் எலுமிச்சை சாதம் பிரித்தது. தொட்டுக்கொள்ள ஒரு சின்ன டப்பாவில் மாங்காய் ஊறுகாய். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே ஒரு பேப்பர் தட்டை அத்தையிடம் நீட்டினார். அத்தை இரண்டு கையையும் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "வயிறு சரியில்ல அவங்களுக்கு" என்று நான் சொன்னேன். சொன்ன பிறகு அது உண்மையாகிவிடுமோ என்று அத்தையின் வயிற்றையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அரக்கோணத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலில் ஆட்டோ நின்றபோது வீடு பூட்டியிருந்தது. உள்ளே போன் அடித்தால் கேட்குமா என்று கதவில் காதை வைத்து நம்பரை அழுத்தினேன். அடித்தது. உள்ளே, எங்கோ கட்டில் மேலிருந்து, அவள் போன் பாட்டுப் பாடியது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெண் வெளியே வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். சோறு பிசைந்த கையோடு வந்திருந்தாள்.

"அவங்க அண்ணியா? பயப்படாதீங்க. காலையிலேர்ந்து ஒரே வாந்தி அவங்களுக்கு. எழுந்து நிக்க முடியல. வீட்டுக்காரர் டியூட்டி. நான்தான் ஆட்டோல கூட்டிட்டுப் போய் ஆஸ்பத்திரில சேர்த்தேன். அவசரத்துல போனை விட்டுட்டுப் போய்ட்டாங்க. டிரிப்ஸ் ஏறுது. புள்ளைங்களுக்குச் சோறு ஊட்டிட்டு மறுபடியும் போலாம்னு வந்தேன்."

வாந்தி என்ற சொல்லோடு அத்தையின் விரல்கள் என் முழங்கையில் இறுகின. அந்தப் பெண்ணுக்கு நன்றி சொன்னேனா என்றுகூட ஞாபகம் இல்லை. அதே ஆட்டோவில் ஏறினோம்.

சின்ன ஆஸ்பத்திரி. ஆறு கட்டில் போட்ட ஒரு அறையில் கடைசிக் கட்டிலில் நாத்தனார் கண்ணை மூடிக் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. வயிறு மட்டும் போர்வைக்கு மேல் தனியாகத் தெரிந்தது. அத்தை அந்த வயிற்றின் மேல் கை வைக்கப் போய், வைக்காமல் நின்றார். தன் கையிலேயே ஏதோ இருக்கிற மாதிரி அதைப் புடவையில் துடைத்தார்.

நான் டாக்டரம்மாவை வெளியே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். குழந்தையின் இதயத்துடிப்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவர், உப்பு என்று நான் சொன்னதும் பேச்சை நிறுத்தினார்.

"அந்த மருந்துக்குப் பேர் இன்னா?"

"தெரியல டாக்டர். விசாரிக்கப் போயிருக்காரு."

"பேர் தெரியாம நான் எதுக்கு வைத்தியம் பாக்கறது? எவ்ளோ சாப்பிட்டாங்க? என்னிக்கிலேர்ந்து? போய்க் கேளுங்க, சீக்கிரம்."

நான் கட்டிலுக்குப் போய்க் குனிந்து, ஆவக்காய் எவ்வளவு சாப்பிட்டாய் என்று கேட்டேன். நாத்தனார் கண்ணைத் திறந்து தன் அம்மாவைப் பார்த்தாள்.

"சொல்லுடி, தினமும் தின்னியா?" என்றார் அத்தை. குரல் கிழிந்துவிட்டது.

அவள் என் கையை இழுத்தாள். "வதினா, அம்மாவைக் கொஞ்சம் வெளிய அனுப்பு" என்றாள். அண்ணியை அவர்கள் வதினா என்றுதான் கூப்பிடுவார்கள். அத்தையைத் தண்ணீர் பாட்டில் வாங்கிவர அனுப்பினேன்.

"நான் ஒரு துண்டுகூடத் தின்னல. மூடியத் திறந்தாலே கொமட்டுது. எத்தனை ஆசையா அனுப்பியிருக்கு, அதுகிட்ட எப்படிச் சொல்றது? போன்ல கேக்கும்போதெல்லாம் நல்லாருக்கு, நல்லாருக்குன்னு சொல்லிட்டேன். அம்மாகிட்ட சொல்லிடாத வதினா."

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். குழந்தைக்கு ஒன்றும் இல்லை. இந்த வாந்தி வெயிலின் வாந்தி. சிரிப்பு வந்துவிடும்போல் இருந்தது.

"அப்ப ஜாடி அப்படியே இருக்கா?"

"இல்ல, பக்கத்து வீட்டு அக்காவுக்குக் குடுத்துட்டேன். அவங்க புள்ளைங்களுக்கு ஊறுகாய் இல்லாம சோறே எறங்காது. ஜாடியோட குடுத்துட்டேன்."

சற்று முன் அந்தப் பெண் சோறு பிசைந்த கையோடு வெளியே வந்தாளே. அந்தக் கை இப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஐந்து விரலும் சிவப்பாக இருந்தன.

கதவருகில் அத்தை தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தார். எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. பாட்டிலைக் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டு, "வா" என்று என்னிடம் சொன்னார்.

ஆட்டோவில் நான் யோசித்துக்கொண்டே வந்தேன். எப்படிச் சொல்வது? இன்னும் நிச்சயமாகத் தெரியாத ஒன்றைச் சொல்லி அந்தப் பெண்ணைக் கலங்கடிப்பதா? கெமிஸ்ட் சொல்லும்வரை, சாப்பிடாதீர்கள் என்று மட்டும் ஏதாவது சாக்குச் சொல்லி ஜாடியை வாங்கிவிடலாமா? பக்கத்தில் அத்தை, "நான் சொல்றேன். போட்டது நான்" என்றார். என் மனதில் ஓடியது அவருக்குக் கேட்டுவிட்டதைப்போல் இருந்தது.

அந்தப் பக்கத்து வீட்டுக்குள் மின்விசிறிக்குக் கீழே ஒரு பெண் குழந்தை டிவி பார்த்துக்கொண்டிருந்தது. அதைவிடச் சின்னவன், மூன்று வயது இருக்கும், பாயில் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். கடைவாயில் இன்னும் சிவப்பு எண்ணெய் காயாமல் இருந்தது.

"வாங்கம்மா, எப்படி இருக்காங்க? உக்காருங்க" என்று அந்தப் பெண் பாயை உதறினாள்.

அத்தை உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். வளைத்துச் சொல்லவில்லை. உப்பு எங்கிருந்து வந்தது, அதில் மருந்து இருக்கலாம், இருக்கா இல்லையா என்று இன்னும் தெரியாது, குழந்தைகளை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தப் பெண் முதலில் சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தாள். தெலுங்கு வாடையடிக்கும் தமிழ் சரியாகப் புரியவில்லையோ என்று நினைத்தேன். பிறகு அந்தச் சிரிப்பு மறந்துபோய் அங்கேயே நின்றுவிட்ட மாதிரி இருந்தது.

"இவனுக்கு நேத்துலேர்ந்து பேதி" என்றாள். யாரிடமோ தகவல் சொல்கிற குரல்.

அதன் பிறகுதான் குனிந்து பையனை உலுக்கினாள். "டேய், எழுந்திர்றா. எழுந்திர்றா கண்ணு." அவன் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துவண்டது. என் வாழ்க்கையில் அந்தச் சில நொடிகளைப்போல் நான் எதற்கும் பயந்ததில்லை. பிறகு அவன் முகத்தைச் சுளித்து, காலை உதைத்து, தூக்கத்தைக் கெடுத்த கோபத்தில் வீறிட்டு அழுதான். அந்த அழுகைச் சத்தம் எவ்வளவு நன்றாக இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவள் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தாள்.

"தெரிஞ்சேதான் குடுத்தீங்களா?"

"ஐயோ, இல்லம்மா" என்றேன். "இன்னைக்கு மத்தியானம்தான் தெரிஞ்சுது. அவளுக்கு இன்னமும் தெரியாது."

அத்தை அவள் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டார். வயதில் பெரியவர் ஒருவர் அப்படி நிற்பதைப் பார்த்ததும் அந்தப் பெண் இரண்டடி பின்னால் போனாள். "கும்பிடாதீங்கம்மா. நீங்க கும்பிட்டா எனக்கு இன்னும் பயமா இருக்கு" என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

மறுபடியும் அதே ஆஸ்பத்திரி. பையன் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். பெண் குழந்தை தன் முறை வரும் முன்பே அழத் தொடங்கியது. டாக்டரம்மா இரண்டு பேரின் கண்ணையும் நாக்கையும் வயிற்றையும் பார்த்தார். "பேர் தெரிஞ்சா நல்லாருக்கும்" என்று மறுபடியும் சொன்னார். நாங்கள் மூன்று பேரும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். நடுவில் நான், ஒரு பக்கம் அத்தை, மறு பக்கம் அவள். அவள் மடியில் பையன். அவன் அத்தையின் வளையலைப் பிடித்து இழுத்து விளையாட ஆரம்பித்தான். அவள் அவன் கையை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். அவன் திரும்பவும் நீட்டினான். அவள் திரும்பவும் எடுத்துவிட்டாள்.

தொழுகை எப்போதோ முடிந்திருக்கும். ஏன் இன்னும் போன் வரவில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தேன். போன் வந்தபோது எடுக்கப் பயமாக இருந்தது. மணி அடிக்கிறது, திரையில் அவர் பெயர், நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அந்தப் பெண்தான் என் கையிலிருந்து அதைப் பிடுங்கி, பச்சையை அழுத்தி, என் காதில் வைத்தாள்.

"கெடச்சிடுச்சு" என்றார் அவர். மூச்சு வாங்கியது. "மூணாவது சாக்கு கெடச்சிடுச்சு. பின்னாடி ஷெட்ல தார்ப்பாய்க்கு அடியில இருந்திருக்கு, தையல்கூடப் பிரிக்கல. யாரோ எடுத்து மாத்தி வெச்சிருக்காங்க. கெமிஸ்ட் நம்ம உப்பையும் லேப்ல டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டாரு, ஆவக்காயையும் பாத்துட்டாரு. நம்மளது புது உப்புதான். ஒண்ணும் கலக்கல."

"மறுபடியும் சொல்லுங்க."

"ஒண்ணும் கலக்கல. வெறும் உப்பு."

மூன்றாம் முறையும் சொல்லச் சொன்னேன், இந்த முறை ஸ்பீக்கரில். பிறகு போனைக் கெமிஸ்டிடம் கொடுக்கச் சொல்லி, டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். அவர்கள் ஆங்கிலத்தில் வெகுநேரம் பேசினார்கள். பையனுக்கு வெயில் காலத்து வயிற்றுப்போக்குதான், தெருவில் ஐஸ் வாங்கித் தின்றிருப்பான், சாயங்காலம் வரை இருக்கட்டும் என்றார் டாக்டரம்மா. ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை என்று பிறகு வந்தது.

அத்தை பெஞ்சிலேயே கண்ணை மூடிக்கொண்டு, "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் பையனின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அத்தையிடம் சொன்னாள்.

"அம்மா, நீங்க நல்லவங்க. வேற யாராவதா இருந்தா வந்து சொல்லியே இருக்கமாட்டாங்க. ஆனா அந்த ஜாடிய எடுத்துட்டுப் போய்டுங்க. ஒண்ணும் இல்லன்னு தெரியுது. இருந்தாலும் இனிமே என் கையால புள்ளைக்கு ஊட்ட முடியாது. தப்பா நினைக்காதீங்க."

"நான் ஒண்ணும் நினைக்கலம்மா" என்றார் அத்தை.

அத்தை மகளோடு அரக்கோணத்திலேயே தங்கிவிட்டார். பிரசவம் வரை வேலூருக்கு வரவே இல்லை. மறுநாள் நான் மட்டும் ஜாடியோடு திரும்பினேன். பாதிக்கு மேல் காலியாகியிருந்தது. வீட்டு ஜாடியின் பக்கத்தில் வைத்தேன். கெமிஸ்ட் இரண்டு தரம் பார்த்துச் சொன்ன உப்பு. எங்கள் இரண்டு பேருக்கும் அதில் சந்தேகம் இல்லை. ஆனாலும் அந்த இரண்டு மாதமும் யாரும் அலமாரியைத் திறக்கவில்லை. அத்தை போனில், "ஆவக்காய் தின்றீங்களா?" என்று கேட்பார். "தின்றோம் அத்தை" என்பேன். அவர் உடனே வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

பயம் போனால் ஒரேயடியாகப் போய்விடும் என்று நினைத்திருந்தேன். அப்படி நடக்கவில்லை. அரக்கோணத்திலிருந்து அழைப்பு வந்தால் இரண்டு மணி அடிக்கவிட்டுத்தான் எடுப்பேன். அவள் ஒன்றும் சாப்பிடவில்லை, உப்பிலும் ஒன்றும் இல்லை, இரண்டும் தெரியும். ஆனால் அந்த மத்தியானத்தில் நான் ரயிலில் பார்த்த படம், அவள் தரையில் கிடக்கிற படம், எதையும் கேட்காமல் வந்துகொண்டே இருந்தது.

பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். நான் போனபோது பக்கத்து வீட்டுப் பெண் எனக்கு முன்பே அங்கே இருந்தாள். குழந்தையைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, மூக்கு அப்பாவைப்போல, நெற்றி ஆயாவைப்போல என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பையனும் வந்திருந்தான். அத்தை எல்லோருக்கும் லட்டுக் கொடுத்தார். அவளிடம் வரும்போது கொஞ்சம் தயங்கி, கடைப் பெட்டியை அவள் பக்கம் சாய்த்துக் காட்டி, "கடைல வாங்கினது" என்றார். அவள் முகம் சிவந்துவிட்டது. ஒன்றை எடுத்துக்கொண்டாள். "குடுங்கம்மா, இவனுக்கும் ஒண்ணு" என்று சொல்லி இன்னொன்றும் வாங்கினாள். பையன் அங்கேயே தின்றான். அவள் தன்னுடையதைச் சாப்பிடவில்லை, பேப்பரில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டாள்.

அத்தை வேலூருக்குத் திரும்பி வந்த அன்று, கைகால் கழுவிவிட்டு நேராக அலமாரியைத் திறந்தார். இரண்டு ஜாடிகளும் இருந்தபடியே இருந்தன. பெரிய ஜாடியின் துணியை அவிழ்த்துப் பார்த்தார். எண்ணெய் மேலே மிதந்து நின்றது. பூசணம் இல்லை. துண்டுகள் நன்றாக ஊறி நிறம் மாறியிருந்தன.

"ஒண்ணும் தின்னலையே நீங்க" என்றார்.

நான் அவர் அவிழ்த்த துணியை வாங்கி மடித்தேன்.

"நானும் அங்க ஊறுகாயே தொடல" என்றார். பிறகு, "சோறு வடிச்சியா?" என்று கேட்டார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. என் கணவரும் வீட்டில் இருந்தார். மூன்று தட்டு வைத்தேன். அத்தை துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, மூன்று தட்டிலும் ஆவக்காயைப் பரிமாறி, நல்லெண்ணெய் ஊற்றினார். மூவரும் பிசைந்தோம். கொஞ்ச நேரம் மூவரும் பிசைந்துகொண்டே இருந்தோம். பிறகு என் கணவர் வாயில் வைத்தார். நான் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு நாங்களும் சாப்பிட்டோம், மூவருக்கும் காரம் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகும், எழுந்து போகாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி மூன்று பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.